அம்மாவின் கணினிக்கு அம்மாதான் சொந்தக்காரர்



பதிவு கொஞ்சம் நீளம். அன்னதான வரிசையில் நிற்கும்போது படிக்காதீங்க. வீட்டுக்குப் போய் ஒரு காப்பி கலந்து வச்சுக்கிட்டு நிதானமா படிங்க. பிள்ளைகளும் படிக்கணும். சொல்லப்போனா பாதிக்கு மேல அவங்களுக்காகத்தான் எழுதுறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்து ஓரத்தில் இரண்டு மேசை போட்டு, கணினி புதுசா பழகுறவங்களுக்கு நாங்க உதவி செய்றது உங்களுக்குத் தெரியும். அங்கே வர்றது பெரும்பாலும் பிள்ளைகள் புதுசு வாங்கிட்டு அப்பா அம்மாவுக்குக் கொடுத்த பழைய மடிக்கணினிதான். வர்றவங்க கேட்கிறதும் பெரிசா ஒன்னும் இல்லை. மெல்பர்னில் இருக்கிற பேத்தியைப் பெரிய திரையில் பார்க்கணும். வருமான வரிக் கணக்கை இணையத்தில் அனுப்பணும். இபிஎஃப் பணம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். கும்பாபிஷேக நேரலையைக் கண்ணைச் சுருக்காம பார்க்கணும். கைப்பேசியில் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு ஓர் ஐயா சொன்னார். நியாயம்தானே.

கூட வர்ற பிள்ளைகள் இரண்டு விதமா பேசுறாங்க. சிலர், "அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு, எவனாவது ஏமாத்திடுவான், கைப்பேசியே போதும்" என்கிறாங்க. மற்றவங்க, "எல்லாத்தையும் நானே செட் பண்ணிட்டேன், அவங்க இந்தப் பட்டனை அழுத்தினா போதும்" என்கிறாங்க. கடவுச்சொல் என்னன்னு அம்மாவைக் கேட்டா, அம்மா மகனைப் பார்ப்பாங்க. மின்னஞ்சல் யார் பேரில் இருக்குன்னு கேட்டா மகன் பேரில். மறந்துட்டா குறியீடு எந்த நம்பருக்கு வரும்னு கேட்டா மகன் நம்பருக்கு.

இரண்டு பேச்சுக்கும் பின்னால் பாசம்தான் இருக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆனா இரண்டுமே ஆபத்தானதுன்னு நாங்க நினைக்கிறோம். கணினியை யார் பயன்படுத்துறாங்களோ அவங்க பேரில், அவங்க கைப்பேசி எண்ணில், அவங்களுக்குத் தெரிஞ்ச கடவுச்சொல்லில் அது இருக்கணும். சாவி தன் கையில் இல்லாத ஒருத்தரால் வீட்டைப் பூட்டவும் முடியாது, அவசரத்துக்குத் திறக்கவும் முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம்னா, நம்ம பக்தர் ஒரு அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தோம். பேர் வேண்டாம். அவங்க அனுமதியோடதான் எழுதுறோம். வீட்டில் கணினி வேலை எல்லாம் அவங்க கணவர்தான் பார்ப்பார். மின்சார பில், காப்புறுதிக் கடிதம், பிள்ளைகள் கல்யாணப் படம் எல்லாமே அவருடைய ஒரே மின்னஞ்சல் கணக்கில். அவர் தவறிட்டார். அவருடைய ப்ரீபெய்ட் நம்பருக்கு யாரும் ரீலோட் போடலை, சில மாசத்தில் நம்பர் செத்துப் போச்சு. அந்த அம்மா கணினியைத் திறந்து கடவுச்சொல் மறந்துவிட்டதுன்னு அழுத்தினா, "உங்கள் கைப்பேசிக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்" என்று வருது. எந்தக் கைப்பேசிக்கு? இல்லாத மனுஷனோட இல்லாத நம்பருக்கு. அப்படி விட்ட நம்பரைத் தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச நாள் கழிச்சு வேறு யாருக்காவது கொடுத்துடுவாங்க. காப்புறுதிப் பத்திரத்தை அலைஞ்சு திரிஞ்சு நேரில் வாங்கிட்டாங்க. கல்யாணப் படங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கு. இதில் திருடன் யாரும் வரலை, வைரஸ் எதுவும் வரலை. சாவி ஒரே ஆளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, முதல் முதலா ஒரு கணினியை வீட்டில் இணையத்தோடு இணைக்கிறவங்க என்ன செய்யணும்? நாங்க மேசையில் உட்கார்ந்து செய்ற வரிசையிலேயே சொல்றோம்.

முதலில் கணினியைத் தொடவே மாட்டோம். வைஃபை பெட்டியைப் பற்றிக் கேட்போம். சுவரில் விளக்கு மினுக்கிக்கிட்டு இருக்குமே, அதுதான் உங்க வீட்டு வாசல். அதுக்கு இரண்டு கடவுச்சொல் இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஒன்னு, வைஃபையில் சேர்றதுக்கு. விருந்தாளி வந்தா கேட்பாங்களே அது. இன்னொன்னு, அந்தப் பெட்டியோட அமைப்புகளையே மாற்றுறதுக்கு. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கிற தாளில் பயனர் பெயர், கடவுச்சொல், உள்ளே போகும் முகவரி மூன்றும் பெரும்பாலும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். சில பழைய பெட்டிகளில் பயனர் பெயரும் "அட்மின்", கடவுச்சொல்லும் "அட்மின்". ஊருக்கே தெரிஞ்ச பூட்டு! அதை முதல் நாளே மாற்றிடுங்க. வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கணும். விருந்தாளிகளுக்குன்னு தனி வைஃபை வைக்கிற வசதி பல பெட்டிகளில் உண்டு. தீபாவளிக்குத் திறந்த இல்லம் வைக்கிற நம்ம வீடுகளுக்கு ரொம்ப உபயோகம். ஊரே வரும், எல்லாரும் "அக்கா, வைஃபை என்ன" என்பாங்க.

அடுத்தது கணினியோட வயசு. இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிஞ்சு போச்சு. கணினி ஓடும், நேற்று மாதிரியே இருக்கும். ஆனா புதுசா கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுக்குள் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமான்னு பாருங்க. 2018-க்கு முன்னால் வாங்கின கணினிகளில் பெரும்பாலானவை அதை ஏற்றுக்கொள்ளாது. பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குத் தள்ளிவிடுற மடிக்கணினி எல்லாம் அந்தக் காலத்தவைதான்! பழசைக் கொடுக்கிறதில் தப்பில்லை. காலாவதியான மருந்தைக் கொடுக்கிற மாதிரி கொடுக்காதீங்க.

விண்டோஸ் 11 ஏறாதுன்னா கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்றவை இலவசம். பழைய கணினியிலும் ஓடும், புதுப்பிப்பும் வரும். நேரலை பார்க்க, மின்னஞ்சல் படிக்க, பேத்தியோடு பேச அது தாராளமா போதும். எங்க மேசையிலேயே சிலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கோம். முதல் வாரம் முணுமுணுப்பாங்க. மூன்றாவது வாரம் கேட்டா, மாற்றினதே நினைவில் இருக்காது.

ஒன்னு மட்டும் செய்யாதீங்க. ஐம்பது வெள்ளிக்கு "எல்லாம் போட்டுத் தர்றேன்" என்கிற கடைகளில் திருட்டு விண்டோஸ், திருட்டு ஆஃபிஸ் போட்டுக்கொள்ளாதீங்க. நம்ம ஊரில் இது சகஜம், தெரியும். திருட்டு மென்பொருளைத் திறக்கப் போடுற "கிராக்" வேலை செய்யணும்னா பல நேரம் முதலில் வைரஸ் தடுப்பையே அணைக்கச் சொல்லும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு முன்பின் தெரியாத ஒருத்தனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற கதை. எழுதுறதுக்கும் கணக்கு போடுறதுக்கும் லிப்ரே ஆஃபிஸ் இலவசமா இருக்கு. விண்டோஸோடு கூடவே வர்ற டிஃபெண்டர் வைரஸ் தடுப்பும் வீட்டுக்குப் போதும். அதுக்கு மேல வருஷத்துக்கு இருநூறு முந்நூறு வெள்ளி செலவு பண்ணித்தான் ஆகணும்னு விற்பனையாளர் சொன்னா, கைகூப்பி நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. இது எங்க கருத்து. வேறு மாதிரி நினைக்கிறவங்க இருக்கலாம்.

கணினியை முதன்முதலா இணையத்தில் சேர்த்ததும், வேறு எந்தப் பக்கத்தையும் திறக்காம, புதுப்பிப்புகளை ஓட விடுங்க. ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரம் ஆகலாம். நடுவில் அணைச்சு அணைச்சு எழும்பும். பொறுமை. மாவு அரைக்கிற நேரம்னு வச்சுக்குங்க.

இப்போ கணக்கு விஷயம். விண்டோஸில் முதலில் உருவாகிற கணக்கு நிர்வாகிக் கணக்கு. மென்பொருள் போடவும், கணினியையே மாற்றி அமைக்கவும் அதுக்கு அதிகாரம் உண்டு. தினசரி பயன்பாட்டுக்கு அது வேண்டாம். அதே கணினியில் சாதாரணக் கணக்கு ஒன்னு திறந்து அதைத்தான் தினமும் பயன்படுத்தணும். நம்ம ஆலயத்தையே பாருங்க. மடப்பள்ளியில் வேலை செய்றவங்களிடம் மடப்பள்ளிச் சாவி, மண்டபம் பார்க்கிறவங்களிடம் மண்டபச் சாவி. கருவறைச் சாவியை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கிட்டுப் பசாருக்குப் போறதில்லை. சாதாரணக் கணக்கில் இருக்கும்போது ஏதாவது கெட்ட மென்பொருள் ஏறப் பார்த்தா, பல நேரம் நிர்வாகியோட கடவுச்சொல்லைக் கேட்டுக்கிட்டு நிற்கும். நீங்க எதையும் நிறுவக் கேட்காத நேரத்தில் அப்படி ஒரு பெட்டி எழும்பினா, "வேண்டாம்" என்று அழுத்துங்க. யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

பேரப்பிள்ளைகள் வந்து விளையாடுற வீடுன்னா அவங்களுக்கும் தனியா ஒரு சாதாரணக் கணக்கு. இலவசமா விளையாட்டுக் காசு தர்றோம்னு சொல்ற பக்கத்திலிருந்து பத்து வயசுப் பையன் எதையாவது இறக்குவான். தாத்தாவோட வங்கி வேலை நடக்கிற கணக்கில் அது நடக்கக் கூடாது.

சரி, நிர்வாகிக் கணக்கோட கடவுச்சொல் யாரிடம் இருக்கணும்? இதில்தான் பிள்ளைகள் எங்களோடு சண்டைக்கு வருவாங்க. "அது என்கிட்ட இருக்கட்டும், அம்மா தெரியாம எதையாவது அழுத்திடுவாங்க." நாங்க சொல்றது: அம்மாவிடமும் இருக்கணும். ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் இருக்கிற பெட்டியில் வைங்க. தினமும் தேவைப்படாது. நீங்க பினாங்கில் மாட்டிக்கிட்டு, அம்மா இங்கே தனியா இருக்கும்போது தேவைப்படும். ஐந்து பிள்ளைகளை வளர்த்து, எஸ்டேட் சம்பளத்தில் வீடு வாங்கி, சீட்டுப் பணத்தை ஒரு காசு தப்பாம கணக்கு வச்ச மனுஷி அவங்க. ஒரு உறையைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா?

கடவுச்சொல்லுக்கு வருவோம். நம்ம பக்தர்களோட கடவுச்சொல் எப்படி இருக்கும்னு எங்களுக்கு ஓரளவு தெரியும். (யாரோடதையும் பார்க்க மாட்டோம். அவங்களே சத்தமா சொல்லிக்கிட்டே தட்டுவாங்க, என்ன செய்றது!) இஷ்ட தெய்வத்தோட பேர், பின்னாடி 123. இல்லேன்னா கார் நம்பர். இல்லேன்னா மகன் பிறந்த வருஷம். சாமி பேரைச் சொல்றது நல்லதுதான், கடவுச்சொல்லில் மட்டும் வேண்டாம். ஊகிக்க நினைக்கிறவன் முதலில் முயற்சி பண்றதே அதைத்தான். ஒன்னோடு ஒன்னு சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்துப் போடுங்க. முருங்கை, சைக்கிள், குடை, செவ்வாய் என்கிற மாதிரி. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினா போதும். நீளம்தான் பலம். இந்த நான்கையே போடாதீங்க, இப்போ ஊரே படிச்சுட்டது.

எழுதி வைக்கலாமா? தாராளமா எழுதி வைங்க. அலுவலகத்தில் திரை மேல ஒட்டி வைக்கிறது தப்பு. வீட்டில், அலமாரிக்குள், ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது தப்பே இல்லை. இணையத்தில் திருடுறவன் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கலாம், உங்க அலமாரியை அவனால் திறக்க முடியாது. எழுதக் கூடாதுன்னு பயமுறுத்தினா, பெரியவங்க எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வச்சுடுறாங்க. அதுதான் நிஜமான ஆபத்து. ஏதோ ஒரு கடையோட இணையப் பக்கத்திலிருந்து அது கசிஞ்சா, அதையே மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பான்.

அந்த மின்னஞ்சல்தான் தாய்ச்சாவி. வங்கியைத் தவிர மற்ற பல கணக்குகளில் "மறந்துவிட்டேன்" என்று அழுத்தினா, புதுக் கடவுச்சொல் போடுற வழி மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சலைப் பிடிச்சவன் மற்றதையும் ஒவ்வொன்னா பிடிப்பான். அதனால் மின்னஞ்சலுக்கு வேறு எங்கேயும் போடாத கடவுச்சொல், அதோடு இரண்டு படிச் சரிபார்ப்பு. ஜிமெயிலில் இதைப் போடும்போது, கைப்பேசி தொலைஞ்சா பயன்படுத்தப் பத்துக் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம். அதை அச்சிட்டு அதே உறையில் வைங்க. மீட்பு நம்பர் அம்மாவோட சொந்த நம்பர். இரண்டாவதா ஒரு மீட்பு மின்னஞ்சல் வைக்கணும்னா அங்கே மகன், மகளுடையதைப் போடுங்க. இப்படி வைச்சா சாவி அம்மாவிடம், மாற்றுச் சாவி பிள்ளையிடம். மேலே சொன்ன அந்த அம்மா வீட்டில் இது மட்டும் இருந்திருந்தா, கல்யாணப் படங்கள் இன்னைக்கு அவங்க கையில் இருந்திருக்கும்.

படங்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்னு. ஒரு வெளி டிஸ்க் வாங்கி மாசம் ஒரு தடவை நகல் எடுங்க, எடுத்ததும் கழற்றி வச்சுடுங்க. செருகியே வச்சிருந்தா கணினிக்கு வர்ற கேடு அதுக்கும் வரும்.

இவ்வளவு செஞ்ச பிறகு இணையத்துக்குள் போறோம். ஏமாற்றுக்காரங்களைப் பற்றி நிறைய பேர் எழுதிட்டாங்க. நாங்க மேசையில் அடிக்கடி பார்க்கிறதை மட்டும் சொல்றோம்.

ஒன்னு, திடீர்னு திரை முழுக்கச் சிவப்பா ஒரு எச்சரிக்கை. "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்." கூடவே அலறுற சத்தம். கிழவிக்குப் பேய் ஓட்டுற மாதிரி ஆர்ப்பாட்டம். மைக்ரோசாஃப்ட் காட்டுற உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. எண் இருந்தாலே அது பொய். எஸ்கேப் விசையை அழுத்திப் பாருங்க. போகலைன்னா, மின்பொத்தானை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடிச்சு அணைச்சுடுங்க. அந்த எண்ணுக்கு அழைச்சா, எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஒன்னைப் போடச் சொல்வான். அவை நல்ல மென்பொருள்கள்தான், ஆனா தூரத்திலிருந்து உங்க கணினியை அவன் கையில் கொடுக்கும். மகன் கேட்டா கொடுக்கலாம், அதுவும் நீங்க அவனுக்கு அழைச்சிருந்தா. தானா வந்தவனுக்குக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது தேடல். கூகுளில் வங்கி பேரைத் தட்டி, முதலில் வர்றதை அழுத்துற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. முதலில் வர்றது விளம்பரமா இருக்கலாம், விளம்பரத்தைக் காசு கொடுத்து யாரும் போடலாம். புலனத்தைக் கணினியில் திறக்கத் தேடும்போதும் இதே கதைதான். போலிப் பக்கத்தில் இருக்கிற கட்டத்தைக் கைப்பேசியால் ஸ்கேன் பண்ணினா, உங்க புலனம் அவன் கணினியில் திறக்கும். அப்புறம் உங்க பேரில் உங்க தங்கச்சியிடமே கடன் கேட்பான். இதுக்கு ஒரே மருந்து: வங்கி, வருமான வரி, இபிஎஃப், புலனம் நான்கையும் பிள்ளையோ நாங்களோ சரிபார்த்து ஒருமுறை திறந்து, உலாவியின் மேல்பட்டையில் குறித்து வச்சுடுறது. அப்புறம் தேடவே வேண்டாம், அங்கே அழுத்தினா போதும்.

முகவரியைப் படிக்கவும் பழகிக்குங்க. முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னாடி கடைசியா என்ன இருக்குன்னு பாருங்க. வருமான வரி வாரியத்தோடது "ஹசில் டாட் கவ் டாட் எம்வை". அரசாங்கப் பக்கம் "கவ் டாட் எம்வை" என்று முடியணும். முன்னாடி எல்லாம் சரியா எழுதி, கடைசியில் "டாட் காம்" என்றோ "டாட் டாப்" என்றோ முடிஞ்சா அது அரசாங்கம் இல்லை. பூட்டுப் படம் இருக்கே என்பாங்க. பூட்டு இருந்தா, நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாதுன்னுதான் அர்த்தம். அந்தப் பக்கம் இருக்கிறவன் யோக்கியன்னு அர்த்தமில்லை.

நம்ம ஆலயத்தையும் தொடுற விஷயம் ஒன்னு. திருவிழா நேரலைக்குக் கீழே, "இங்கே தெளிவாகப் பார்க்கலாம்" என்று யாராவது இணைப்பு போடுவாங்க. அழுத்தினா அட்டை நம்பரைக் கேட்கும். சாமி தரிசனத்துக்கு அட்டை நம்பர் எதுக்கு? நம்ம நேரலை எப்பவும் இந்தப் பக்கத்திலேயே, காசு இல்லாம. உபயம் கட்டுறவங்க அலுவலகத்தில் ரசீது வாங்கிக் கட்டுங்க. புலனத்தில் அடையாள அட்டைப் படம் அனுப்பச் சொல்லி ஆலயத்து பேரில் யார் கேட்டாலும், அது எங்களில் ஒருத்தர் பேரில் வந்தாலும், அனுப்பாதீங்க. நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள்: உபயக்காரர் பட்டியலைப் பதிவிடும்போது தொலைபேசி எண்களை எடுத்துட்டுப் பதிவிடணும். பேர் போதும். கூட்டத்தில் சொன்னதுதான், இங்கேயும் சொல்லி வைக்கிறோம்.

டேக் நம்பர், ஓடிபி எதையும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே மனப்பாடம். பேங்க் நெகாரா 2022-லேயே குறுஞ்செய்தி ஓடிபியை விட்டுட்டு வங்கியோட செயலியில் உறுதிப்படுத்துற முறைக்கு மாறச் சொல்லி வங்கிகளுக்கு அறிவிச்சது. அதனால் இப்போ ஏமாற்றுக்காரன் நம்பர் கேட்காம, "செயலியில் வர்றதுக்குச் சரின்னு அழுத்துங்க" என்பான். நீங்க தொடங்காத எதுக்கும் சரின்னு அழுத்தாதீங்க.

இத்தனைக்கும் பிறகு ஏமாறலாம். வக்கீலும் ஏமாந்திருக்கார், வங்கியில் வேலை செஞ்சவரும் ஏமாந்திருக்கார். அப்போ என்ன செய்றதுன்னு முதல் நாளே சொல்லி வைக்கணும். இணையத்தைத் துண்டிங்க. வங்கியோட 24 மணி நேர எண்ணுக்கோ 997-க்கோ உடனே அழைங்க. 997 என்பது 2022-இல் தொடங்கின தேசிய மோசடி நடவடிக்கை மையம். பணம் இன்னும் எந்தக் கணக்கில் நிற்குதுன்னு தேடி நிறுத்தப் பார்ப்பாங்க. அப்புறம் போலீஸ் புகார். கரை தாண்டி சிங்கப்பூரில் இருக்கிற நம்ம பக்தர்களுக்கு 1799. பணம் அனுப்புறதுக்கு முன்னாடி சந்தேகம் வந்தா, போலீஸின் "செமாக் மியூல்" பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே பேர் இல்லைன்னா நல்லவன்னு முடிவு பண்ணிடாதீங்க. யாரும் இன்னும் புகார் கொடுக்கலைன்னும் இருக்கலாம்.

இந்த எண்களை எல்லாம் தெரிஞ்சு வச்சிருந்தும் ஏன் தாமதமாகுது தெரியுமா? திட்டு விழும்னு பயம். எங்க மேசைக்கு ஓர் ஐயா வந்தார். பணம் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. வங்கிக்குச் சொன்னீங்களான்னு கேட்டோம். இல்லை. வீட்டில் சொன்னீங்களா? இல்லை. "மகளுக்குத் தெரிஞ்சா கணினியைப் பிடுங்கிக்குவா" என்றார். எழுபது வயசு மனுஷன், பள்ளிக்கூடத்துப் பையன் மதிப்பெண் அட்டையை மறைக்கிற மாதிரி மறைச்சிருக்கார். மாற்றின பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிமிஷக் கணக்கில் தாவும். நான்கு நாள் கழிச்சு எதைத் தேடிப் பிடிக்கிறது? அந்தப் பணத்தில் ஒரு பங்கை அந்தத் திருடனுக்கு நம்ம கோபம்தான் எடுத்துக் கொடுத்ததுன்னு நாங்க சொல்வோம்.

அதனால் பிள்ளைகளே, கணினியைக் கொடுக்கிற அன்னைக்கே ஒரு வாக்கும் கொடுங்க. "என்ன நடந்தாலும் முதலில் எனக்குச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன், கணினியைப் பிடுங்க மாட்டேன்." சொன்னபடி நடக்கவும் நடங்க. எந்த வைரஸ் தடுப்பும் இந்த வேலையைச் செய்யாது. பெரியவங்களே, நீங்களும் வெட்கப்படாதீங்க. பிள்ளைகளிடம் சொல்லத் தயக்கமா இருந்தா எங்களிடம் சொல்லுங்க. நாங்க கூட உட்கார்ந்து 997-க்கு அழைப்போம். யாரிடமும் சொல்ல மாட்டோம்.

"கோயிலில் எதுக்கு இந்த வேலை" என்று சிலர் கேட்டாங்க. முன்னாடி எல்லாம் கடிதம் எழுதித் தர, பாரம் நிரப்பித் தர, பென்ஷன் காகிதத்தைப் படிச்சுச் சொல்ல ஆலயத்தில்தான் ஆள் இருந்தாங்க. இப்போ பாரம் கணினிக்குள் போயிடுச்சு. பின்னாலேயே நாங்களும் போறோம்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல காலைப் பூஜைக்குப் பிறகு மேசை இருக்கும். பெரியவங்க தனியா வந்தாலும் சரி, மகன் மகளோடு வந்தா இன்னும் நல்லது. வைஃபை பெட்டிக்கு அடியில் இருக்கிற தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கிட்டு வாங்க, அதை யாருக்கும் அனுப்பாதீங்க. ஒரு புது நோட்டுப் புத்தகம், ஒரு உறை. கடவுச்சொல்லை நீங்கதான் தட்டுவீங்க, நாங்க அந்த நேரம் கொடிமரத்தைப் பார்த்துத் திரும்பி நிற்போம். வங்கிக் கணக்கை அங்கே திறக்கவே மாட்டோம், அது உங்க வீட்டில் உங்க வேலை. மண்டபத்தில் மின்செருகி நான்குதான் இருக்கு, அதனால் வீட்டிலேயே சார்ஜ் பண்ணிக்கிட்டு வாங்க. சார்ஜரையும் மறந்துடாதீங்க, போன வாரம் மூன்று பேர் மறந்துட்டாங்க.